நம் குலத்தாரும் கணக்கு வித்தையும்

ஆரணியில் வாழும் நம் குலத்தார் இல்லங்களில் இந்நாட்களில் ஒரு வினா அடிக்கடி எழக் கேட்கிறோம். தந்தையோடு தறிக்குழியில் அமர்ந்து பத்தாண்டு காலம் பட்டு நெய்த இளைஞன் ஒருவன், இடையே வணிகவியற் பட்டமும் பெற்றவன், "இனித் தறியை விட்டுக் கணக்கு வித்தையிற் புகலாமா? அதற்குரிய பரீட்சைகளை எழுதிப் பட்டயக் கணக்கர் ஆகலாமா?" என்று வீட்டாரை வினவுகிறான். தாயார், "பிள்ளையின் கால்களாவது குழியை விட்டு ஏறட்டும்" என்கிறார். பாட்டனாரோ, "குலத்தொழிலை விட்டால் குலம் என்ன ஆகும்?" என்று வருந்துகிறார். மனைவியார் ஒன்றும் கூறாமல், அடுத்த பாவின் கூலியையும் பிள்ளையின் பள்ளிச் சம்பளத்தையும் மனத்துள் கூட்டிப் பார்க்கிறார். மூவர் எண்ணமும் நியாயமானவையே.

இவ்வினாவிற்கு ஆம் என்றோ அன்று என்றோ ஒரே சொல்லில் விடையிறுத்தல் நம் கருத்தன்று. கணக்கு வித்தை நம் நாட்டில் யார் கையிலிருந்து யார் கைக்கு எவ்வாறு வந்தது என்பதை அறிந்தவர்க்கு அவ்வினாவைச் சீர்தூக்குதல் எளிதாகும். ஆதலின் அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, பின்னர் நம் அபிப்பிராயத்தையும் அன்பர்கள் முன் வைப்போம்.

முதற்கண் பாட்டனாரின் கவலையை எடுத்துக்கொள்வோம். நம் குலம் என்றும் ஒரே தொழிலில் நின்றதன்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் கைக்கோளப் படைகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருத்தலைக் கற்றோர் அறிவர். வேல் பிடித்த கையே நாழியும் பிடித்தது. நம் ஊரையே பாருங்கள். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி, மராத்திய ஜாகீர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்தது. 1751ஆம் ஆண்டிற் கிளைவும், 1782ஆம் ஆண்டில் ஹைதர் அலியை எதிர்த்த ஐயர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதியும் இதனருகே போர் புரிந்தனர். அந்நாளில் ஆரணியின் பெயரை அயல்நாடுகளுக்குக் கொண்டு சென்றது பட்டன்று. மெல்லிய மஸ்லின் துணியே. அத்துணி வழக்கொழிந்தது, பட்டு நிலைபெற்றது, இன்று ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற சரக்காக விளங்குகிறது. காலம் மாறியபோது தாமும் மாறியவர் வழியில் வந்தவர் நாம் என்பது இதனால் விளங்கும். ஆகவே மாற்றம் ஒன்றே குலத்துரோகம் ஆகாது. எதற்காக மாறுகிறோம், எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்பதே ஆராயத்தக்கது.

இனி நெசவாளனுக்கும் கணக்கிற்கும் உள்ள உறவைக் காண்போம். பட்டு நெசவைப்போல் கணக்கோடு பின்னிய தொழில் பிறிதில்லை. முதலாளி பட்டை எடை போட்டுக் கொடுக்கிறார். ஜரிகையை எடை போட்டுக் கொடுக்கிறார். நெய்த சேலையை எடை போட்டு வாங்குகிறார். கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் வேகவைத்துப் பசை போக்குங்கால் அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். பசை போன பட்டோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஐப்பசி மழையில் நிறுத்த பட்டும் சித்திரை வெயிலில் நிறுத்த அதே பட்டும் தராசில் ஒன்றாக நில்லா. இழை அறுந்து போகும் சேதாரம் வேறு. இத்தனைக்கும் நடுவில், முன்பணம் எவ்வளவு, கழித்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்னும் கணக்கு ஓடுகிறது. அக்கணக்கு பெரும்பாலும் எழுதப்படுவது ஒரே புத்தகத்தில். அப்புத்தகம் இருப்பது ஒரே கையில். நெய்தவன் நினைவை நம்புகிறான். எழுதியவர் ஏட்டை நம்புகிறார். வழக்கு வந்தால் நினைவு தோற்கும், ஏடு வெல்லும். இதில் யாரையும் குற்றம் கூற நாம் முற்படவில்லை. நேர்மையான முதலாளிகளும் நம்முள் பலர் உளர். எழுத்து ஒருபுறமே இருந்தால் நேர்மையும் ஒருவர் மனத்தையே சார்ந்து நிற்கும் என்பதே நாம் கூறுவது.

கணக்குக் காட்டுதல் எவ்வளவு பெரிய அறம் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். நமக்கு அயலிலுள்ள காஞ்சி வட்டாரத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்த கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. குடவோலை முறைக்காக அவற்றைப் பலரும் புகழ்வர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவன் என்பதோடு, அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்று அவை விதித்திருத்தலை நாம் மறந்துவிடுகிறோம். ஒருவன் கணக்குக் காட்டாத பிழைக்குச் சுற்றமே பொறுப்பேற்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே தணிக்கையின் உட்கருத்தைத் தமிழ்நாடு அறிந்திருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் கணக்கு எழுதும் உரிமை எல்லோர்க்கும் இருந்ததில்லை. ஊர்க் கணக்கு கர்ணம் என்னும் பதவியின்பாற்பட்டது. அப்பதவி பெரும்பாலும் தந்தைக்குப் பின் மைந்தன் என்று வழிவழி வந்தது. அவர்களுள் நிலத்தின் ஒவ்வோரங்குலத்தையும் நினைவில் வைத்திருந்த திறமைசாலிகள் பலர். ஆனால் தறிக்காரன் மகன் எவ்வளவு கூர்மதியுடையவனாயினும் கர்ணம் ஆதல் அரிது. கர்ணத்தின் மகன் தறியில் அமர்தலும் அரிது. பிறப்பே பரீட்சையாக இருந்த காலம் அது. பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் தமிழ்நாட்டில் 1980ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டு, தேர்வின் வாயிலாகக் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். நம்மில் பலர் கண்ணாரக் கண்ட மாற்றமே இது.

ஊர்க் கணக்கில் இவ்வாறு 1980இல் நிகழ்ந்தது, வாணிகக் கணக்கில் அதற்கு முன்னரே மெல்லத் தொடங்கியிருந்தது. பற்று வரவு இரண்டையும் ஒருங்கே பதியும் இரட்டைப் பதிவு முறையை 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்தில் லூக்கா பச்சோலி என்னும் துறவியார் அச்சு நூலில் விளக்கினார். கணக்கரைத் தனித் தொழிலினராக ஏற்று எடின்பரோ நகரத்துச் சங்கத்திற்கு அரச பட்டயம் வழங்கப்பெற்றது 1854ஆம் ஆண்டில். 'பட்டயக் கணக்கர்' என்னும் பெயரின் பிறப்பிடம் அதுவே. நம் மாகாணத்தில் வணிகக் கல்விக்கென்று முதற் பள்ளியைச் சென்னையில் 1886ஆம் ஆண்டில் நிறுவியவர்கள் பச்சையப்பர் தருமத்தின் தருமகர்த்தர்கள். ஒரு வணிகரின் தருமப் பொருளே அவ்வழியைத் திறந்தது என்பது கருதத்தக்கது.

1913ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டம், கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்வோர் சர்க்காரின் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும் என்று விதித்தது. சான்றிதழ்கள் இருவகைப்பட்டன. ஒன்று எங்கும் செல்வது. மற்றொன்று அந்தந்த மாகாணத்துள்ளே, சான்றிதழிற் குறித்த மொழியில் எழுதிய கணக்குகளுக்கு மட்டும் செல்வது. அஃதாவது, நாட்டு மொழியிலேயே கணக்கைப் பார்த்துச் சான்று கூறும் ஒருவருக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. 1920ஆம் ஆண்டில் அவ்விரண்டாம் வகைச் சான்றிதழ் வழங்குதல் நின்றுபோயிற்று. இதற்கிடையே 1918ஆம் ஆண்டில் பம்பாய் சர்க்கார் கணக்கியற் பட்டயம் ஒன்றை ஏற்படுத்தி, பரீட்சையிற் தேறி, மூன்றாண்டு தணிக்கையாளரிடம் பயிற்சியும் பெற்றவர்க்கு அதனை வழங்கியது. 1932ஆம் ஆண்டின் விதிகளால் இந்தியா முழுமைக்கும் ஒரே பதிவேடு உண்டாயிற்று. அதிற் பெயர் ஏறினோர் 'பதிவு பெற்ற கணக்கர்' எனப்பட்டனர். நாடு விடுதலை பெற்றபின், 1949ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 1ஆம் நாள், பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் தோன்றியது. உற்பத்திச் செலவை ஆராயும் செலவுக் கணக்கர்க்கு 1944ஆம் ஆண்டிலேயே ஒரு நிறுவனம் அமைந்து, 1959ஆம் ஆண்டில் அதுவும் சட்டத்தின் வலிமை பெற்றது.

இவ்வரலாற்றின் சாரம் யாதெனில், பிறப்பென்னும் கதவு திறந்தது. பரீட்சை என்னும் கதவு அமைந்தது. பரீட்சை குலம் கேளாது, கோத்திரம் கேளாது. ஆனால் அது மொழியைக் கேட்கும், காலத்தைக் கேட்கும், பொருளையும் ஓரளவு கேட்கும். இதை மறைத்து இளைஞருக்கு ஆசை காட்டுதல் முறையன்று.

வழி மாறித் தணிக்கைத் தொழிலிற் புகுந்தவர் ஒருவரின் வாழ்வை ஈண்டு நினைவுகூர்தல் பயன்தரும். 1907ஆம் ஆண்டிற் பிறந்த ஆர். சிவபோகம் அம்மையார் சென்னையில் சுதேசி இயக்கத்திற் கலந்துகொண்டு ஓராண்டு சிறைத்தண்டனை பெற்றார். அவர் சிறையிருந்தது நமக்கு அண்மையிலுள்ள வேலூரில். பின்னர்க் கணக்கியற் பட்டயத்திற்குப் பயின்று 1933ஆம் ஆண்டில் தேறினார். இந்தியாவில் அத்தகுதி பெற்ற முதற் பெண்மணி அவரே. சிறை சென்றோர் கணக்கராகப் பதிவு பெறலாகாது என்று தடை குறுக்கிட்டது. அம்மையார் வழக்காடி அத்தடையைக் கடந்தார். 1937ஆம் ஆண்டு முதல் தாமே தனித்துத் தொழில் நடத்தினார். 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்கர் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவிற்குத் தலைமையும் பூண்டார். தணிக்கையாளரான பின்னும் அவர் கதராடையையே உடுத்தார் என்பது நெசவுக் குலத்தாராகிய நாம் மகிழ்ந்து போற்றற்குரியது. புதுத் தொழிலிற் புகுந்தவர் பழைய பற்றை விட வேண்டுவதில்லை என்பதற்கு அவர் சான்று. பெண்மக்களுக்குக் கணக்குப் பரீட்சை எதற்கு என்று இன்னும் வினவும் பெரியோர்களுக்கும் அவர் வாழ்வே விடை.

நெசவாளரே கணக்கைத் தம் கையில் எடுத்த வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஆலைநகரில் 1844ஆம் ஆண்டில் இருபத்தெண்மர் கூடி, ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து, ஒரு சிறு கடை திறந்தனர். அவர்களுட் பலர் கம்பளித் துணி நெய்தவர்கள். மாவும் வெண்ணெயும் விற்ற அக்கடையை நிலைநிறுத்தியது அவர்கள் கொண்ட ஒரு நெறி. உறுப்பினர் அனைவரும் காணக் கணக்கு அடிக்கடி படித்துக் காட்டப்படல் வேண்டும் என்பதே அந்நெறி. அக்கூட்டுறவின் வித்து நம் நாட்டிற்கும் வந்தது. 1904ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் நகர்ப்புறக் கடன் சங்கம் முதன்முதற் பதிவானது நெசவாளர் நகரமாகிய காஞ்சிபுரத்தில். 1935ஆம் ஆண்டில் இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் மாகாணக் கைத்தறிச் சங்கம் சென்னையிற் பிறந்தது. இச்சங்கங்கள் எங்கெங்கே செழித்தன, எங்கெங்கே நலிந்தன என்று ஆராய்வோர், தறியின் குறையைவிட ஏட்டின் குறையையே மிகுதியும் காண்பர். நல்ல நெசவாளர் பலர் இருந்தும், ஐந்தொகையைப் படித்து "இத்தொகை எங்கே?" என்று வினவ ஒருவர் இல்லாத சங்கம் நெடிது நில்லாது.

இனி, வினவிய இளைஞனிடமே பேசுவோம்.

தம்பி, நீ கணக்கு வித்தையிற் புகுதலை நாம் தடுக்கவில்லை. தறியைச் சீர் பார்ப்பதுபோல் வழியையும் முன்னரே சீர் பார்த்துக்கொள். பட்டயக் கணக்கர் ஆவதற்கு மூன்று படிப் பரீட்சைகள் உள்ளன: அடிப்படை, இடைநிலை, இறுதி. வணிகவியற் பட்டதாரி நூற்றுக்கு ஐம்பத்தைந்து மதிப்பெண் பெற்றிருந்தால் முதற் படியை விடுத்து இரண்டாம் படியிலிருந்தே தொடங்கலாம். பிற பட்டதாரிக்கு அறுபது வேண்டும். வயதுக்கு மேல் வரம்பு இல்லை. முன்பு மூன்றாண்டாக இருந்த அலுவலகப் பயிற்சி, 2023ஆம் ஆண்டின் புதிய திட்டத்தால் இரண்டாண்டாகக் குறைந்திருக்கிறது. இவை உனக்குச் சாதகமானவை.

பாதகமானவற்றையும் கேள். பரீட்சையை ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோதான் எழுதலாம், தமிழில் இல்லை. 1920இல் அடைபட்ட அக்கதவு இன்னும் திறக்கவில்லை. ஆகவே உன் முதற் பகை கணக்கன்று, மொழியே. பயிற்சி பெறும் இரண்டாண்டும் பகல் முழுதும் அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். அங்குத் தரும் உதவித்தொகை சிறியது. தறிக் கூலி நின்றுபோகும். குடும்பச் செலவு நில்லாது. ஒருமுறை எழுதித் தேறுவோர் சிலர். மும்முறை நான்முறை எழுதுவோர் பலர். இறுதிப் படியைக் காணாமலே திரும்புவோரும் பலர். "ஐந்தாண்டு வருவாய் குறைந்தாலும் வீடு தாங்குமா?" என்று மனையாளையும் பெற்றோரையும் ஒருங்கே இருத்தி, தாளில் எழுதிப் பார். அதுவே உன் முதற் கணக்குப் பரீட்சை என்று கொள். அதில் தேறாதவன் அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டலாகாது.

வீடு தாங்காது என்று கணக்குக் காட்டினால் மனம் தளர வேண்டுவதில்லை. இடையில் வேறு படிகளும் உள்ளன. சர்க்கார் நடத்தும் கணக்கியல் தொழில்நுட்பத் தேர்வை இளநிலை, முதுநிலை என இரு நிலைகளில் எழுதலாம். கூட்டுறவுப் பயிற்சி பெற்றுச் சங்கங்களில் வேலைக்கு முயலலாம். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைப் பார்ப்பதற்கென்றே தமிழக அரசில் தணிக்கைத் துறை ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று சரக்கு சேவை வரி வந்தபின், ஆரணிப் பட்டுக் கடைகளிலும் முறையான கணக்கறிந்தவர்க்குத் தேவை பெருகியிருக்கிறது. செலவுக் கணக்கர் பரீட்சையையும் எண்ணிப் பார். ஒரு சேலைக்குப் பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு, சாயம் எவ்வளவு, கை உழைப்பு எவ்வளவு என்று பிரித்து அறிதலே அவ்வித்தை. தறியிற் பத்தாண்டு இருந்தவன் அதில் நகரத்துப் பிள்ளையினும் முந்தி நிற்றல் கூடும். ஆனால் ஒன்று: ஏட்டில் எண்ணைப் பதியும் வேலையைக் கணினி விரைந்து கவர்ந்துகொள்கிறது. பதிதலோடு நிற்பவனுக்கு இனி இடம் குறுகும். பதிந்தது மெய்யா பொய்யா என்று துணிந்து கையொப்பமிடுவோனுக்கே இடம் நிற்கும்.

இவை யாவற்றினும் முதன்மையாக நாம் வேண்டுவது, தறியை உடனே பிரித்து விற்றுவிடாதே என்பது. ஒரு தறி பூட்டி நிற்கும் வீட்டில் பரீட்சையிற் தவறியவனும் பசியாமல் மீண்டும் எழுதலாம். பாவு புணையவும் ஊடை சுற்றவும் இல்லத்துப் பெண்டிர் செய்யும் உழைப்பே அவ்வாண்டுகளில் உன்னைத் தாங்கும். அவ்வுழைப்பையும் கணக்கில் எழுதி வை. பிற்காலத்தில் நீ பெரிய அலுவலகத்தில் அமர்ந்தபோது, உன் சான்றிதழில் யார் யார் பங்கு எவ்வளவு என்பதை அப்பக்கம் உனக்குக் கூறும்.

இனிச் சங்கத்து அன்பர்கட்கு ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் நம் பிள்ளைகளுள் இருவர் மூவர் இப்பரீட்சைகளிற் புகினும், எஞ்சியோர் தறியிலேயே இருப்பர். அவர்களுக்கும் கணக்கு வேண்டும். ஒவ்வொரு தறிவீட்டிலும் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். பட்டு வாங்கிய நாள், எடை, ஜரிகை எடை, முன்பணம், கழிவு, சேலை கொடுத்த நாள், அன்றைய எடை ஆகிய ஏழையும் நெய்தவரே தம் கையால் எழுதி, கொடுப்பவர் கையொப்பத்தையும் அன்றன்றே பெறல் வேண்டும். இதற்குப் பரீட்சை வேண்டா. எட்டாம் வகுப்புப் படித்த மகள் எழுதலாம். பரீட்சையிற் தேறிவரும் நம் பிள்ளைகள் திங்களுக்கு ஒருநாளாவது சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, இக்குறிப்பேடுகளைத் தமிழிலேயே பார்த்துத் தருவார்களாயின், 1920இல் நின்றுபோன அச்சான்றிதழ் வேறொரு வடிவில் நம்மிடையே உயிர்பெறும்.

பிறரைக் கணக்குக் கேட்குமுன் நாம் கணக்குக் காட்டுதல் அறம். ஆதலின், நம் சங்கத்தின் வரவு செலவை ஆண்டுக்கொரு முறை இவ்விதழிலேயே முழுதும் அச்சிட்டு, உறுப்பினர் வினாக்களுக்கும் விடை வெளியிடல் வேண்டும் என்று நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறோம். உத்திரமேரூர்ப் பெரியோர் கல்லில் வெட்டி வைத்ததை நாம் தாளிலாவது அச்சிடுவோம். பாட்டனார் கேட்ட வினாவிற்கும் நம் விடை இதனுள்ளேயே அடங்கும். தறியை விட்டுச் செல்பவன் குலத்தை விட்டவன் ஆகான். தன் கணக்கைத் தானே அறிந்த குலத்தில், தறியில் இருப்பவனும் ஏட்டில் இருப்பவனும் ஒரே பாவின் இரு இழைகளே ஆவர்.

முருகப் பெருமான் திருவருளால் நம் பிள்ளைகள் எடுத்த காரியத்தில் வெற்றி பெறுக.